புதுப்பிப்பு: காது இரைச்சலுக்கு மின்தூண்டல் – தேடிய ஆய்வு கிடைத்தது

ஓயாத காது இரைச்சலுக்கு மின்தூண்டல் வழியாகத் தீர்வு தேடும் அமெரிக்கப் பேராசிரியர் யார், அவருடைய முறை என்ன என்று என் அம்மாவுக்காக இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. தாடையை அசைக்கும்போது இரைச்சல் மாறுகிறதா என்று கேட்டு, அந்தத் தடத்தில் தேடச் சொன்னவரின் யோசனையே விடையைத் தந்தது.

அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சூசன் ஷோர். மூளைத்தண்டில், செவி நரம்பு வந்து சேரும் 'டார்சல் காக்ளியர் நியூக்ளியஸ்' என்ற பகுதிக்கு முகம், கழுத்து ஆகியவற்றின் தொடு உணர்வுச் செய்திகளும் வருகின்றன. அங்குள்ள செல்கள் அளவுமீறி ஒருமித்து இயங்குவதே இவ்வகை இரைச்சலுக்கு அடிப்படை என்பது அவருடைய குழுவின் விளக்கம். ஒலியையும் மெல்லிய மின்துடிப்பையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் இணைத்துக் கொடுத்து அந்த இயக்கத்தைத் தணிக்கிறார்கள்.

நான் எதிர்பாராதது, மூளையைத் தொடவே வேண்டியதில்லை என்பது: மின்முனைகள் கழுத்திலோ கன்னத்திலோ தோலின் மேல்தான் ஒட்டப்படுகின்றன. 2023இல் வெளியான சோதனையில் 99 பேர் வீட்டிலேயே நாளுக்கு 30 நிமிடம், 6 வாரங்கள் கருவியைப் பயன்படுத்தினார்கள். ஒலியை மட்டும் கேட்டபோது கிடைத்ததைவிட இரண்டும் சேர்ந்தபோது கூடுதல் பலன் இருந்தது.

பின்னால் தேடி வருவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாடை அல்லது கழுத்து அசைவால் இரைச்சல் மாறுபவர்களே அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டார்கள்; ஆகவே அதன் முடிவை எல்லா வகை இரைச்சலுக்கும் பொருத்திப் பார்க்க இயலாது. அம்மாவுக்குத் தாடையை இறுக்கினால் இரைச்சல் மாறுகிறது. அதைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தெரிவித்திருக்கிறோம்.