மறு: யூட்ரோஃபிக்கேஷன் – ஊட்டமேறல், ஊட்டமேற்றல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நீர்நிலையில் பாஸ்பரஸ், நைட்ரஜன் போன்ற ஊட்டங்கள் சேர்ந்துகொண்டே போவதைக் குறிக்கும் யூட்ரோஃபிக்கேஷனுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை நீண்டுவிட்டது. இதுவரை வந்த சொற்கள்: தூர்ந்துபோதல், பாசிபிடித்தல், செறிவூட்டம், நற்போசணையாக்கம், மிகையூட்டம். நம் குழுமத் தோழி இந்தச் சொல்லைக் கேட்டது கோவையில் ஒரு குளக்கரையில் வைக்கப்போகும் தகவல் பலகைக்காக. அகராதிக்கு மட்டும் என்றால் ஐந்தில் எதை வைத்தாலும் ஓடிவிடும். பலகையை நடைப்பயிற்சிக்கு வருபவர்களும், பரிசலில் மீன் பிடிப்பவர்களும், வார்டு உறுப்பினரும் படிப்பார்கள். குளத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்ற முடிவு அவர்கள் மனத்தில் அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்கும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

> தூர்ந்துபோதல் என்றாலே போதுமே. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் இதில் சிக்கல், ஐயா. தூர்வது என்றால் மண்ணும் சேறும் சேர்ந்து குளம் மேடாவது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அடுத்த சொல் தானாக வரும்: தூர் வார வேண்டும். பொக்லைன் வரும், கரை உயரும், நடைபாதை போடுவார்கள். சாக்கடை அப்படியே உள்ளே வந்துகொண்டிருக்கும். சேறு எடுப்பதால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்வீடனில் டிரம்மன் ஏரியில் 1970, 71இல் அடிச்சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள், ஏரி தெளிந்தது. ஆனால் அங்கே கழிவுநீர் வரத்தை 1950களின் இறுதியிலேயே நிறுத்திவிட்டார்கள். வரத்தை நிறுத்தியது முதல், சேறு எடுத்தது பிறகு. நாம் தேடும் நிகழ்வு மண் சேர்வது அல்ல. பாஸ்பரசும் நைட்ரஜனும் சேர்வது. உழவர் மொழியில் சொன்னால் மணிச்சத்தும் தழைச்சத்தும்.

பாசிபிடித்தல் வேண்டாம் என்பதற்குக் கோவைக் குளங்களே சான்று. உக்கடம் பெரியகுளமோ சிங்காநல்லூர்க் குளமோ, அங்கே பல ஆண்டுகளாக மக்கள் கண்ணில் படுவது ஆகாயத்தாமரை. அது நீரை மூடினால் கீழே வெயில் இறங்காது, பாசி குறையவும் செய்யும். காரணம் ஒன்றுதான், முகம் வேறு. ஒரு முகத்தின் பெயரைக் காரணத்துக்கு வைத்தால், ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவித்ததும் வேலை முடிந்தது என்று ஆகிவிடும். கரையில் குவித்தது அங்கேயே அழுகி அடுத்த மழையில் திரும்பக் குளத்துக்குள்தான் போகிறது.

செறிவூட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் கடையில் செறிவூட்டப்பட்ட அரிசி தருகிறார்கள். அந்தச் சொல் உடம்புக்கு நல்லது என்ற பொருளில் மக்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

> இலங்கைப் பாடநூல்களில் நற்போசணையாக்கம் என்றுதான் படித்தோம். நாற்பது ஆண்டுப் பழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும்?

யாழ்ப்பாணத்து நண்பரின் கேள்வி நியாயமானது. போசணை என்றால் ஊட்டம்; சொல்லாக்க முறைப்படி அது பிழையற்ற சொல். யூட்ரோஃபிக்கேஷனின் கிரேக்க மூலத்துக்கு ‘நன்கு ஊட்டப்பட்ட’ என்பதே பொருள். ஜெர்மானிய அறிஞரான வெபர் 1907இல் சதுப்பு நிலத்தின் வளத்தைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார். ஸ்வீடனின் ஏரி ஆய்வாளர் நௌமான் 1919இல் ஏரிகளுக்குக் கொண்டுவந்தார். அவர்கள் இருவருக்கும் அது ஏரியைப் பழிக்கும் சொல் இல்லை; வகைப்படுத்தும் சொல்தான். பிறகு ஐரோப்பிய, அமெரிக்க ஏரிகளில் சாக்கடை கலந்து கெட்ட பின்பே அந்தச் சொல்லுக்குக் கெட்ட பொருள் ஏறியது. நாம் மூலத்தின் ‘நல்’லை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் ஏறிய பொருளை விட்டுவிட்டோம். கொழும்பு பேரை வாவியின் பச்சை நீரைப் பார்த்துக்கொண்டு ஒரு மாணவி ‘நற்போசணை’ என்று எழுத வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போசணை இருக்கட்டும், நல் மட்டும் போகட்டும் என்பதே என் கருத்து. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

மிகையூட்டம் இவற்றில் சிறந்தது. இழையில் பெரும்பாலோர் அதற்கே வாக்களித்திருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு தடை உண்டு. ஏரிகளை ஊட்டத்தின் அளவை வைத்து நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். 1982இல் ஓஇசிடி (வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) வெளியிட்ட எல்லைகளின்படி, ஆண்டுச் சராசரியாக ஒரு லிட்டர் நீரில் மொத்த பாஸ்பரஸ் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் முதல் படி, 10 முதல் 35 வரை இரண்டாம் படி, 35 முதல் 100 வரை மூன்றாம் படி, 100ஐத் தாண்டினால் நான்காம் படி. (குளிர்நாட்டு ஏரிகளை வைத்து வகுத்த எல்லைகள் இவை, நம் வெயிலுக்கும் ஆழமில்லாத குளங்களுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது.) யூட்ரோஃபிக் என்பது மூன்றாம் படியின் பெயர். அந்த மூன்றாம் படிக்கே ‘மிகை’யைக் கொடுத்துவிட்டால் நான்காம் படிக்கு என்ன வைப்பது? அதிமிகை, கடுமிகை என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஆகவே படிகளுக்கு இப்படி வைக்கலாம்: குறையூட்ட ஏரி, இடையூட்ட ஏரி, நிறையூட்ட ஏரி, மிகையூட்ட ஏரி. மிகை அதற்குரிய இடத்தில் கடைசியில் நிற்கிறது. நம் நகரக் குளங்கள் பலவற்றைத் தயக்கமில்லாமல் அந்தப் படியில் வைக்கலாம்.

இனி நிகழ்வின் பெயர். குறையூட்ட ஏரி ஒன்று இடையூட்ட ஏரியாக மாறினாலும் அது யூட்ரோஃபிக்கேஷன்தான். அங்கே இன்னும் மிகை வரவில்லை. ஆனால் எச்சரிக்கை தேவைப்படுவது அந்தக் கட்டத்தில்தான். எனவே நிகழ்வுக்குப் படியின் பெயர் வேண்டாம், படி ஏறுவதன் பெயர் வேண்டும். ஊட்டமேறல் என்பது என் பரிந்துரை.

இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. ஏறு என்பது தன்வினை, ஏற்று என்பது பிறவினை. மலையடிவார ஏரி ஒன்றில் இலைதழையும் மண்ணும் சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகளில் நடப்பது ஊட்டமேறல். ஊரின் சாக்கடையும் வயலின் உரமும் சேர்ந்து ஒரு தலைமுறைக்குள் நடத்திவைப்பது ஊட்டமேற்றல். இந்த இரண்டாவதை ஆங்கிலத்தில் கல்ச்சுரல் என்ற அடைமொழி போட்டுப் பிரிக்கிறார்கள். அதைப் ‘பண்பாட்டு மிகையூட்டம்’ என்று மொழிபெயர்த்ததை ஒரு பாடக்குறிப்பில் பார்த்தேன். படிக்கும் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. நமக்கு அடைமொழியே தேவையில்லை. ‘குளத்தில் ஊட்டம் ஏற்றப்படுகிறது’ என்று பலகையில் எழுதினால், யார் ஏற்றுகிறார்கள் என்று அடுத்த கேள்வி வந்தே தீரும். அந்தக் கேள்வி வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எதிர்த்திசைக்கும் இதே இணை உண்டு: ஊட்டமிறங்கல், ஊட்டமிறக்கல். அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியின் கதை முழுவதையும் இந்தச் சொற்களாலேயே சொல்லிவிடலாம். சுற்றியிருந்த ஊர்கள் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் ஏரியில் விட்டன. சுத்திகரித்தும் பாஸ்பரஸ் போகவில்லை. வழக்கமான சுத்திகரிப்பு அழுகும் பொருளைக் குறைக்குமே தவிர ஊட்டத்தில் பெரும்பகுதியை நீரிலேயே விட்டுவிடும். 1955இல் ஏரி ஆய்வாளர் எட்மண்ட்சன் குழுவினர் அங்கே ஒரு நீலப்பச்சைப் பாசியைக் கண்டு, ஏரி எங்கே போகிறது என்று எச்சரித்தார்கள். 1958இல் மக்கள் வாக்களித்து, கழிவுநீரைக் கையாள ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தினார்கள். 1963இல் தொடங்கி 1968க்குள் கழிவுநீர் முழுவதையும் ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். அறுபதுகளின் நடுவில், தெளிவை அளக்க நீரில் இறக்கிய வெள்ளைத் தட்டு ஒரு மீட்டர் ஆழத்திலேயே மறைந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று மீட்டருக்குக் கீழும் தெரிந்தது.

பாஸ்பரசை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்ற எண் கொண்ட ஏரியை 1973இல் ஆய்வாளர் ஷிண்ட்லர் குழுவினர் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிமமும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சையாகிப்போனது. மேலிருந்து எடுத்த அந்தப் படம் ஒன்றே போதும். முடிந்தால் பலகையில் அதைப் போலவே ஒரு சித்திரம் வரையுங்கள்.

நம் குளங்களுக்கு வருகிறேன். நொய்யல் வாய்க்கால்களால் நிரம்பும் இந்தக் குளங்கள் பாசனத்துக்காக வெட்டியவை. கோடையில் நீர் வற்றும்போது வண்டல் மண்ணை வண்டிகளில் அள்ளி வயலில் போடுவது வழக்கமாக இருந்தது. மழையோடு குளத்துக்குள் வந்த ஊட்டம் வயலுக்குப் போனது. ஆண்டுதோறும் நடந்த ஊட்டமிறக்கல் அது. பெயர் மட்டும் வைக்கவில்லை. இன்று சாக்கடை ஆண்டு முழுக்க வருவதால் நகரக் குளம் வற்றுவதே இல்லை. வற்றினாலும் ஆலைக்கழிவு கலந்த சேற்றைச் சோதிக்காமல் வயலில் போட முடியாது. வரும் வழி பெருகிவிட்டது, போகும் வழி அடைபட்டுவிட்டது. இந்தச் செய்திக்குப் பலகையில் கட்டாயம் இடம் ஒதுக்குங்கள். இது நம் மண்ணின் அறிவு, எந்தப் பாடநூலிலிருந்தும் எடுத்தது அல்ல.

> அப்படியானால் ப்ளூமுக்கு என்ன? பாசி மலர்ச்சி என்பது கவிதை போல இருக்கிறது.

மலர்ச்சி வேண்டாம். ஆனால் பூத்தல் வேண்டும். சுவரில் உப்புப் பூக்கிறது, ஊறுகாயில் பூஞ்சணம் பூக்கிறது என்று வீட்டில் சொல்கிறோமே, அந்தப் பூத்தல். ஒரு பரப்பின்மேல் திடீரெனப் படர்ந்து தெரிவதற்குத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் வினை இது. ‘குளத்தில் பாசி பூத்திருக்கிறது’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். பாசி பூத்த குளத்தில் பகலில் உயிர்வளி (ஆக்சிஜன்) ஏறியிருக்கும், இரவெல்லாம் குறைந்துகொண்டே வரும். விடியும் நேரத்தில் மீன்கள் வாயைத் திறந்தபடி மேலே வந்து நிற்பது அதனால்தான். மீன்பிடிப்பவர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கி, நாம் ஆக்கும் சொல்லுக்கு முன்னால் வையுங்கள். நீலப்பச்சைப் பாசிகளில் சில நச்சு உண்டாக்கும். ஆடுமாடுகளுக்கு அந்த நீரைக் காட்ட வேண்டாம் என்ற எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு: உங்கள் மாணவர்களுக்குப் போசணை பழகிய சொல் என்பதால் போசணையேறல், போசணையேற்றல் என்று அதே இணையை வைத்துக்கொள்ளலாம். ஊட்டம் என்றும் போசணை என்றும் இரண்டு இருந்தாலும் வினை ஒன்றாக இருந்தால் இரு கரையிலும் படிப்பவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் புரிந்துகொள்வார்கள். அங்கே உயர்தர வகுப்பு எடுப்பவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. வெளிவரத்து நின்ற பிறகும், உயிர்வளி இல்லாத அடிச்சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் கரைந்து மேலே வரும். பல ஏரிகள் ஆண்டுக்கணக்கில் தெளியாமல் இருப்பதற்கு இதுவே காரணம். உள்ளூட்டம் என்று வைத்தால் மருத்துவச் சொல் போல ஒலிக்கிறது. சேற்றூட்டம், அடியூட்டு, சேறுமிழ் ஊட்டம் என்று யோசித்துப் பார்த்தேன், எதுவும் நாவில் உட்காரவில்லை. பலகை அச்சுக்குப் போகும் முன் இதற்கொரு நல்ல சொல் தேவை. மண்ணியல் படித்தவர்கள் குழுமத்தில் சிலர் இருக்கிறீர்கள். சேறு வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதற்கு வயல்காட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து