கூடுதல் கோல் அடித்தும் பிரிஸ்பேன் தோற்றது எப்படி? 2023 இறுதிப் போட்டியின் கடைசி நிமிடங்கள்

கேள்வி:
2023 செப்டம்பர் 30 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் கோலிங்வுட்டும் பிரிஸ்பேனும் மோதிய ஆஸ்திரேலிய ஃபுட்பால் இறுதிப் போட்டியின் பதிவை நேற்றிரவு பார்த்தேன். பிரிஸ்பேன் 13 கோல், கோலிங்வுட் 12 கோல். ஆனாலும் 90-க்கு 86 என்று கோலிங்வுட் வென்றிருக்கிறது. அதைவிட வியப்பளித்தவர்கள் பார்வையாளர்கள்தாம். தொலைக்காட்சித் திரையில் நேரம் தெளிவாகக் குறைந்துகொண்டே வர, அவர்களோ ஆட்டம் எப்போது முடியும் என்பதே தெரியாதவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரில் பார்த்தவர்கள் விளக்க முடியுமா?

மறுமொழி 1:
கணக்கு எளிது. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் உண்டு. நடுவிலுள்ள உயரமான இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்தால் கோல், 6 புள்ளி; அவற்றுக்கும் பக்கத்திலுள்ள குட்டைக் கம்பங்களுக்கும் இடையே போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. கோலிங்வுட் 18 பிஹைண்டும் பிரிஸ்பேன் 8 பிஹைண்டும் எடுத்தன. ஒரு கோலில் இழந்த ஆறை, குறி தவறிய உதைகளில் கிடைத்த பத்து ஈடுகட்டி மேலும் நான்கைத் தந்துவிட்டது. குறி தவறியதற்குப் பரிசா என்று அன்று பிரிஸ்பேன் ரசிகர்கள் முணுமுணுத்திருந்தால் அதில் தவறில்லை. ஆனால் எதிரணியின் கம்பங்கள்வரை பந்தை முப்பது முறை கொண்டுசேர்த்த அணி வென்றது அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது.

மறுமொழி 2:
அன்று மேல்மாடத்தில் இருந்தேன். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம், செப்டம்பருக்குச் சற்றும் பொருந்தாத வெயில். நீங்கள் கவனித்தது உண்மையே. ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் என்றாலும், ஆட்டம் தடைப்படும் நேரமும் சேர்வதால் அது முப்பது நிமிடம்வரை நீளும். மைதானத்துக் கடிகாரமோ மேல்நோக்கி எண்ணிக்கொண்டு போனதே தவிர, மிச்சம் எவ்வளவு என்று சொல்லவில்லை. எனக்கு முன்வரிசையில் கோலிங்வுட்டின் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை அணிந்திருந்த பெரியவர் ஒருவர் காதில் வானொலி செருகியிருந்தார். பிரிஸ்பேனின் ஜோ டேனிஹர் கோல் அடித்து இடைவெளியை நான்காகக் குறைத்ததும், சுற்றியிருந்த இருபது பேரும் ஆடுகளத்தை விட்டுவிட்டு அவருடைய விரல்களையே பார்த்தோம். அவர் ஒரு விரலை நீட்டினார். ஒரு நிமிடமா, ஒரு கோலா என்று கேட்க எவருக்கும் துணிவில்லை. பிடிபட்ட வீரர் பந்தை விடாமல் வைத்திருக்கும்போதெல்லாம் "பால்!" (பந்து!) என்று நடுவரை நோக்கி எழும் கூச்சலில், பக்கத்து இருக்கைக்காரர் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

மறுமொழி 3:
நான் பிரிஸ்பேன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களை இன்றுவரை உறுத்துவது பிஹைண்ட் கணக்கு அன்று. கடைசி நிமிடத்தில் எங்கள் லாக்கி நீலுக்கு, எதிரணியின் தவறுக்காகத் தடையின்றிப் பந்தை உதைக்கும் வாய்ப்பான ஃப்ரீ கிக் கிடைத்தது. அதற்குள் சக வீரர் ஸாக் பெய்லி பந்தை எடுத்து அவசரமாக முன்னே உதைத்துவிட, நடுவர் 'அட்வான்டேஜ்', அதாவது ஃப்ரீ கிக் பெற்ற அணிக்கே சாதகம், என்று ஆட்டத்தைத் தொடரவிட்டார். நீல் நின்று, நிதானித்து, ஆள் பார்த்து உதைத்திருக்க வேண்டிய பந்து அது. எங்களுக்குச் சாதகமாக இருக்கவேண்டிய விதியே எங்கள் காலை வாரிவிட்டது.

மறுமொழி 2 எழுதியவர்:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆயினும் பந்தை எடுத்து உதைத்தவர் உங்கள் வீரர்தானே? நடுவரை மட்டும் குறைசொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலும், அந்த ஆட்டத்தை அந்த ஒரு நொடியாகச் சுருக்கினால், நான்கு கோல் அடித்து, இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் பெற்ற கோலிங்வுட்டின் பாபி ஹில்லை என்ன செய்வது? முந்தைய ஆண்டு புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், பிரிஸ்பேன் வீரரின் தோளுக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்தபோது, எங்கள் வரிசையிலிருந்த பிரிஸ்பேன் ரசிகர்கள்கூடக் கை தட்டினார்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தைக் காகிதத் துண்டு ஒட்டி மறைத்துவிட்டுக் கடைசிக் கால் பகுதியை மறுபடியும் பார்த்தேன். முடிவு தெரிந்திருந்தும், டேனிஹரின் கோலுக்குப் பிறகு உட்கார முடியவில்லை. சைரன் ஒலிப்பதற்குள் இரண்டு முறை காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.