பேக்கார்டைக் கொன்றது 980 டாலர் காரா, ஸ்டூடபேக்கரா?

கூர்முனை:
போன வாரம் ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசு காரான கேடிலாக் பற்றிய பேச்சில் ஒருவர், "அமெரிக்காவில் பெரிய மனிதர்களின் கார் என்றால் என்றைக்கும் கேடிலாக்தான்" என்று எழுதியிருந்தார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1920-களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது பேக்கார்ட்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஓஹாயோ மாநிலத்தின் வாரன் ஊரில் மின்விளக்குத் தொழில் செய்த ஜேம்ஸ் வார்டு பேக்கார்ட், தான் காசு கொடுத்து வாங்கிய விண்டன் கார் சரியில்லை என்று 1899-ல் சொந்தமாகவே ஒன்றைச் செய்தார். ஹென்றி ஜாய் போன்ற டெட்ராய்ட் செல்வந்தர்கள் பணம் போட, 1903-ல் கம்பெனி டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1915-ல் ட்வின் சிக்ஸ் என்ற 12 சிலிண்டர் வண்டி. 1921-ல் அதிபர் ஹார்டிங் பதவியேற்கப் போனபோது ஏறியது ட்வின் சிக்ஸில்தான். பதவியேற்புக்குக் காரில் போன முதல் அதிபர் அவர். "வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்" என்பதுதான் விளம்பர வாசகம். அதற்கு மேல் பேச வேண்டிய அவசியமே இல்லாத கம்பெனி.

அந்தப் பெயரை 1935 ஜனவரியில் அவர்களே விலைக்கு விட்டார்கள். ஒன் ட்வென்டி என்ற மாடல், தொடக்க விலை 980 டாலர். முந்தைய வருஷம் மிகக் குறைந்த விலை பேக்கார்டே 2,000 டாலருக்கு மேல். 1937-ல் இன்னும் ஒரு படி இறங்கி, 800 டாலர் வாக்கில் ஆறு சிலிண்டர் வண்டி. பேங்க் முதலாளியும் பேங்க் குமாஸ்தாவும் ஒரே பெயருள்ள காரில் போனால், முதலாளி அடுத்த முறை வேறு கார் பார்க்கத்தான் செய்வார். கடைசி மூச்சு நின்றது 1950-களில் என்றாலும் விஷம் இறங்கியது 1935-ல் என்பதுதான் என் கட்சி.

ஹூரான் ஏரி:
கூர்முனை, வரலாறு சரி. தீர்ப்பு தவறு.

1928-ல் ஏறக்குறைய 50,000 கார் செய்த தொழிற்சாலை அது. 1934-ல் பத்தாயிரம்கூட வரவில்லை. பொருளாதார வீழ்ச்சியில் பணக்காரர்களே வாங்கப் பயந்தார்கள். பணம் இருந்தவர்கள்கூட வேலையில்லாதவர்களின் கண்முன் பெரிய காரில் போகக் கூசினார்கள். மற்ற சொகுசு கார் கம்பெனிகளின் கதி என்ன? பியர்லெஸ் 1931-ல் கார் செய்வதை நிறுத்திவிட்டு, பிற்பாடு அதே கிளீவ்லாந்து கட்டடத்தில் பியர் காய்ச்சியது. மார்மன் 1933-ல் போனது. ஃபிராங்க்ளின் 1934. டியூசன்பெர்க் 1937. பியர்ஸ்-ஏரோ கடைசிவரை மலிவு வண்டி என்று ஒன்றை விற்கவே இல்லை. 1938-ல் ஏலத்துக்கு வந்தது. பேக்கார்டுக்கு நீங்கள் எழுதித் தருகிற மருந்தை பியர்ஸ்-ஏரோ சாப்பிட்டுப் பார்த்துவிட்டது.

ஒன் ட்வென்டி வந்த பிறகு 1937 மாடல் ஆண்டில் 1,20,000-க்கு மேல் கார்கள். மூன்று வருஷத்தில் பன்னிரண்டு மடங்குக்கு மேல். அது இல்லாமல் போயிருந்தால் போர்க்காலத்தில் ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின் எஞ்சினை 55,000-க்கு மேல் செய்து கொடுக்க அந்தத் தொழிற்சாலையே இருந்திருக்காது. மஸ்டாங் போர் விமானத்துக்குள் இருந்தது பேக்கார்ட் செய்த மெர்லின்.

இன்னொன்று. ஒன் ட்வென்டி மட்டமான வண்டி இல்லை. ஹைட்ராலிக் பிரேக்கும் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனும் அதில்தான் முதலில் வந்தன. விலை உயர்ந்த பேக்கார்டுகளுக்கு அவை கிடைத்தது 1937-ல்.

கூர்முனை:
ஹூரான் அண்ணா, வண்டி மட்டம் என்று நான் சொல்லவே இல்லையே. நல்ல வண்டி. அதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம் என்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது என்று பாருங்கள். கேடிலாக்குக்குக் கீழே ஒரு விலையில் விற்க ஆசைப்பட்டபோது, 1927-ல் லசால் என்று தனிப் பெயர் வைத்தார்கள். கேடிலாக் என்ற சொல்லில் அழுக்கு படவில்லை. பேக்கார்டோ தன் ரேடியேட்டரின் அந்தத் தோள் வளைவையும், சக்கரக் குடத்தின் நடுவில் இருக்கும் சிவப்பு அறுகோணத்தையும்கூட ஒன் ட்வென்டிக்குக் கொடுத்தது. தெருவில் எதிரே வருவது 1,000 டாலர் வண்டியா 5,000 டாலர் வண்டியா என்று கொஞ்ச தூரத்தில் சொல்ல முடியாது. குறைந்த விலையில் வாங்கியவருக்கு அது சந்தோஷம். அதிகம் கொடுத்தவருக்கு?

செவ்வந்தி:
லசால் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் சார். 1940-ல் லசாலை மூடியது ஏன்? கிட்டத்தட்ட அதே விலைக்கு லசால் என்ற பெயரைவிட கேடிலாக் என்ற பெயர்தான் வேண்டும் என்றார்கள் வாங்குபவர்கள். உடனே 1941-ல் கேடிலாக் 61 என்ற மாடலை 1,345 டாலருக்கு இறக்கினார்கள். அந்த வருஷம் கேடிலாக் 66,000 வண்டி செய்து தன் பழைய கணக்கையெல்லாம் தாண்டியது. அதாவது கேடிலாக்கும் பெயரைக் கீழே இறக்கித்தான் பிழைத்தது. ஒரே காரியத்துக்கு ஒருவருக்குப் புகழ், இன்னொருவருக்குப் பழி என்றால் எப்படி?

கூர்முனை:
நல்ல கேள்வி, செவ்வந்தி. லசால் உதாரணத்தை நான் அவ்வளவு உறுதியாக வைத்திருக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எவ்வளவு ஆழம் இறங்கினார்கள் என்பதும் முக்கியம். 1,345 டாலர் அப்போதும் பெரிய காசு. பேக்கார்டின் ஆறு சிலிண்டர் வண்டி இறங்கிய இடம் நடுத்தர விலைக் காரான ப்யூக்கின் திண்ணை. அடுத்து, கேடிலாக் கீழே ஒரு படி போட்டபோது மேல்படியை உடைக்கவில்லை. 1938-ல் வந்த 60 ஸ்பெஷல், பில் மிட்செல் வரைந்தது, இளைஞர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பேக்கார்ட் தன் 12 சிலிண்டர் வண்டியை 1939-ல் நிறுத்திவிட்டது. போருக்குப் பிறகு வந்ததெல்லாம் 1941-ல் வரைந்த கிளிப்பர் என்ற மாடல். 1948-ல் அதன் பக்கவாட்டை உப்ப வைத்தார்கள்; கவிழ்த்துப் போட்ட குளியல் தொட்டி என்று ஊரே சொன்னது. அதே 1948-ல் கேடிலாக்கின் பின்பக்கத்தில் மீன்துடுப்பு முளைத்தது. அடுத்த வருஷமே புது வி8 எஞ்சின் (V வடிவில் எட்டு சிலிண்டர்). பேக்கார்டுக்கு வி8 வந்தது 1955-ல்.

பீளமேடு லேத்:
தம்பிகளா, மூன்று பேரும் பெயரையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் முப்பது வருஷம் பட்டறை நடத்தியவன். பெயர் எவ்வளவு பெரிதானாலும் வார்ப்பும் தகடும் வெளியிலிருந்து வருகிறதென்றால் உயிர் நம் கையில் இல்லை.

1949-ல் அல்ட்ராமேட்டிக் என்று சொந்தமாக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்தார்கள். எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வர்டரை, ஓடும் வேகம் நிலைப்பட்டதும் நேரடியாகப் பூட்டிவிடும் கிளட்ச் அதில் உண்டு. இன்றைக்குப் பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில் இருக்கிற விஷயம். அன்றைக்கு அருமையான வேலை. ஆனால் ஃபோர்டின் லிங்கனும் ரோல்ஸ்-ராய்ஸும்கூட ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வாங்கிப் போட்டுக்கொண்ட காலம் அது. கேடிலாக்குக்கு அந்த கியர்பாக்ஸின் செலவை அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் பங்கு போட்டுக்கொண்டது, காரின் கூட்டுக்கு ப்யூக் பங்கு போட்டுக்கொண்டது. பேக்கார்ட் எல்லாவற்றையும் ஒற்றைத் தோளில் சுமந்தது. கியர்பாக்ஸுக்குப் போன பணத்தில் வி8 செய்திருந்தால் ஆறு வருஷம் முன்னாலேயே வந்திருக்கும்.

சொந்தமாகச் செய்ய வேண்டியது காரின் கூடு. அதைப் போய் 1941-லிருந்து பிரிக்ஸ் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள். 1953 கடைசியில் அந்த பிரிக்ஸை கிரைஸ்லர் வாங்கியது. போட்டிக்காரன் கையில் நம் கூடு! எனக்கும் இப்படி நடந்திருக்கிறது. பதினைந்து வருஷமாக வார்ப்பு கொடுத்த பட்டறையை எங்கள் போட்டியாளர் வாங்கினார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் மூன்று மாதம்தான் தவணை கொடுத்தார். அந்த மூன்று மாதம் நான் தூங்கவில்லை.

பேக்கார்டும் அப்படித்தான் அவசரமாக கானர் அவென்யூவில் ஒரு சிறிய கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து, கூட்டையும் காரையும் ஒரே கூரைக்குள் திணித்தது. 1955 பேக்கார்ட் என் மனதுக்கு மிகவும் பிடித்த வண்டி. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் நீளமான டார்ஷன் பாரால், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுக் கம்பியால், இணைத்திருப்பார்கள். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த முறுக்கு பின்சக்கரத்துக்குப் போய் வண்டியைச் சமமாகத் தூக்கும். பின்னால் சுமை ஏறினால் ஒரு மின்மோட்டார் உயரத்தைச் சரிசெய்யும். அதற்கிணையான சொகுசு அன்று அமெரிக்காவில் வேறு யாரிடமும் கிடையாது. அப்படிப்பட்ட வண்டியில் கதவு ஒழுங்காகப் பொருந்தவில்லை. புது எஞ்சினில் ஆயில் பம்ப் காற்றை இழுத்ததால் வால்வை இயக்கும் டாப்பெட் தட்டியது. வாங்கியவர் திரும்பக் கொண்டுவந்து விட்டார். 1935-க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஹூரான் ஏரி:
அய்யா சொன்னதோடு ஸ்டூடபேக்கர் என்ற இன்னொரு கார் கம்பெனியையும் சேர்க்க வேண்டும். 1952-ல் ஹாட்பாயிண்ட் அடுப்பு, குளிர்பெட்டிக் கம்பெனியிலிருந்து பேக்கார்டின் தலைவராக வந்த ஜேம்ஸ் நான்ஸ், 1954 அக்டோபரில் ஸ்டூடபேக்கரை வாங்கினார். எத்தனை கார் விற்றால் கைக்கடிக்காது என்று ஸ்டூடபேக்கர்காரர்கள் சொன்ன கணக்கை நம்பி வாங்கினார். உண்மைக் கணக்கு அதைவிட எவ்வளவோ அதிகம் என்பது கையெழுத்து காய்ந்த பிறகுதான் தெரிந்தது. நாஷ், ஹட்சன், பேக்கார்ட், ஸ்டூடபேக்கர் என்ற நான்கு கார் கம்பெனிகளையும் ஒன்றாகச் சேர்க்க நினைத்த நாஷ் தலைவர் ஜார்ஜ் மேசன் அதே மாதம் இறந்துபோனார். 1956-ல் புதிய மாடலுக்குக் கடன் கேட்டுப் போனால் கொடுக்க ஆளில்லை. ஜூன் 25-ஆம் தேதி டெட்ராய்ட்டில் கடைசி பேக்கார்ட். அப்புறம் இரண்டு வருஷம் இண்டியானாவில் ஸ்டூடபேக்கருக்குப் பெயர்ப்பட்டயம் மாட்டி விற்றார்கள், அதைப் பேச எனக்கு மனமில்லை.

ஈஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் ஆல்பர்ட் கான் கட்டிய பழைய தொழிற்சாலை, இடிக்கும் முன்பு என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். மூன்று முறை போய் வெளியே நின்று பார்த்திருக்கிறேன். ஜன்னல் ஒன்றுகூட இல்லை, ஆனால் கான்கிரீட் தூண்கள் நின்றன. 2022-ல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்தத் தூண்களைப் பார்த்தவனுக்கு, ஒரு மலிவு கார்தான் இதைச் சாய்த்தது என்று நம்ப முடியாது.

கூர்முனை:
சரி, 1935-ஐ விட்டுக்கொடுக்கிறேன். அந்த வருஷம் உயிர் பிழைக்க வேண்டியிருந்தது. ஆனால் 1946-ஐ விடமாட்டேன்.

போரிலிருந்து கடனில்லாமல், கையில் பணத்தோடு வெளியே வந்த கம்பெனி. நான்கு வருஷமாகப் புது கார் பார்க்காத நாடு எதைக் கொடுத்தாலும் வாங்கியது. தட்டுப்பாடு இருந்தது எஃகுக்குத்தான். எஃகு குறைவாகக் கிடைக்கும்போது அதை எந்தக் காரில் போடுவீர்கள்? அதிக லாபம் தரும் பெரிய வண்டியில்தானே! ஜெனரல் மோட்டார்ஸில் பழகி வந்த ஜார்ஜ் கிறிஸ்டோபர் தலைமையில் பேக்கார்ட் அதை டாக்ஸிக்கும் நடுத்தர விலைக் கார்களுக்கும் செலவழித்தது. 1949-ல்கூட எண்ணிக்கையில் பேக்கார்ட் கேடிலாக்கை முந்தியது. அந்த எண்ணிக்கைதான் அவர்களை ஏமாற்றியது. திரும்பி மேலே ஏற ஏணி கண்முன் இருந்தும் ஏறவில்லை.

ஹூரான் ஏரி:
டீலர்களை என்ன செய்வீர்கள்? ஒன் ட்வென்டியை நம்பிக் கடை போட்டவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். சின்ன ஊரில் மாதம் ஒரு பெரிய கார் விற்றுக் கடை வாடகை கட்ட முடியாது. அவர்களைக் கைவிட்டிருந்தால் 1947-லேயே விற்க ஆளில்லாமல் போயிருக்கும்.

செவ்வந்தி:
கூர்முனை சார் முதலில் கேட்ட "வேறு பெயர்" விஷயத்தை நான்ஸ் கடைசியில் செய்தே பார்த்தார். 1956 மாடலுக்குக் கீழ்விலை வண்டிகளிலிருந்து பேக்கார்ட் என்ற சொல்லை எடுத்துவிட்டு, கிளிப்பர் என்று தனி பிராண்டாகவே பதிவு செய்தார். எதிர்ப்பு வந்தது ஹூரான் அண்ணா சொல்கிற அதே டீலர்களிடமிருந்து. பேக்கார்ட் என்று எழுதியிருந்தால்தான் விற்கிறது என்றார்கள். சில மாதங்களில் கிளிப்பரின் டிக்கி மூடியில், வலது ஓரமோ இடது ஓரமோ, சின்னதாக அந்தப் பெயரைத் திரும்ப ஒட்டி அனுப்பினார்கள்.