47 ஹெர்ட்ஸ் வீங்குகிறது: ராக்வூலா, ஈக்யூவா?

மாடிவீடு:
12-க்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி. செங்கல் சுவர், மேலே கான்கிரீட், சோபா பின்சுவரை ஒட்டி. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிடாரைத் தெளிவாகக் கேட்கத்தான் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வாங்கினேன், ஆனால் கிடார் கீழே இறங்கும்போது ஒன்றிரண்டு சுரம் மட்டும் வீங்கி அடுத்து வருவதை விழுங்கிவிடுகிறது. மைக் வைத்து அளந்தால் 47 ஹெர்ட்ஸிலும் 56 ஹெர்ட்ஸிலும் மலை மாதிரி நிற்கிறது. இரண்டு அங்குல நுரை ஒட்டிப் பார்த்தேன். கைதட்டினால் வந்த எதிரொலி போனது, பேஸ் அப்படியே இருக்கிறது. அடுத்து ஒலியை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சா, வேண்டிய அலைவெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவா?

அலைவரிசை:
ஈக்யூதான். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் உங்கள் 47 வந்துவிடும். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 56-இல் இரண்டு மோடு (எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நின்று அதிரும் அலை) ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. பஞ்சு பிடிப்பது அசையும் காற்றை. சுவரை ஒட்டிக் காற்று அசைவதே இல்லை. 47 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளமே 6 அடி, அவ்வளவு ராக்வூல் அடுக்கினால் நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? ஈக்யூவில் இரண்டு குறுகிய ஃபில்டர் போட்டு மலையை வெட்டுங்கள்.

மூலைப்பெட்டி:
மலையை வெட்டலாம் சார், பள்ளத்தை என்ன செய்வீர்கள்? அதே 47 அறையின் நடுவில் கிட்டத்தட்ட காணாமல் போகும். அங்கே யாராவது உட்கார்ந்தால், நீங்கள் சோபாவுக்காக வெட்டியதில் அவருக்கு இருந்த கொஞ்சமும் போச்சு. ஏற்றிக் கொடுக்கலாம் என்றால் 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு வாட் வேண்டும், அப்படியும் நேராக வரும் அலையோடு எதிரலையும் சேர்ந்தே ஏறும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அதைவிட, சுரம் நின்ற பிறகும் அறை இழுத்துக்கொண்டே இருக்கிறதே, அந்த இழுப்பை உறிஞ்சித்தான் ஆகவேண்டும்.

அலைவரிசை:
இழுப்பு விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இவ்வளவு கீழே மோடும் இழுப்பும் ஒன்றுதான். ஃபில்டர் மோடின் அலைவெண்ணிலும் அகலத்திலும் சரியாகப் பொருந்தினால், அந்த இருக்கையில் உயரத்தோடு இழுப்பும் குறையும். ஒவ்வொரு அலைவெண்ணும் நேரத்தோடு எப்படி அடங்குகிறது என்று காட்டும் வாட்டர்ஃபால் படம் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

மூலைப்பெட்டி:
அந்த ஒரு இருக்கையில், சரி. 47-ஐ என் ராக்வூல் பிடிக்காது என்பதும் சரி. ஆனால் 94-லும் 112-லும் அடுத்த மோடுகள் இருக்கின்றன, அவை இடத்துக்கு இடம் இன்னும் வேகமாக மாறும். 6 அங்குல ராக்வூலை மூலையில் குறுக்காக, பின்னால் காற்று இடைவெளி விட்டு நிறுத்தினால் அங்கே எல்லோருக்குமே அடங்கும். முதலில் சோபாவை நகர்த்துங்கள். பின்சுவரிலிருந்து 4 அடி முன்னால் வந்தால் கணக்குப்படி 47-இன் அழுத்தம் பாதி, 6 டெசிபல் காசில்லாமலே குறையும்.

மாடிவீடு:
4 அடி இழுத்தால் கதவு திறக்காது, 3 அடி இழுத்தேன். 47 இறங்கியிருக்கிறது, 56 அசையவே இல்லை.

அலைவரிசை:
அசையாது, அது அகலத்திலும் உயரத்திலும் இருக்கிற மோடு. அதற்குத்தான் ஃபில்டர் கேட்கிறேன்.