சிசிஎன்ஏ படிக்கப் பழைய சுவிட்ச் வாங்கலாமா, பேக்கெட் ட்ரேசர் போதுமா?

நிலா_தென்னூர்
வணக்கம். நான்கு மாதத்தில் சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் தேர்வான சிசிஎன்ஏ 200-301 எழுதப் போகிறேன். பயிற்சிக்கு, கணினித் திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பார்க்கும் சிஸ்கோவின் பேக்கெட் ட்ரேசர் மென்பொருள் இருக்கிறது. கையில் 8 ஜிபி ரேம் லேப்டாப் ஒன்று. இங்கே திருச்சியில் ஒருவர், அலுவலகத்தில் கழித்துவிட்ட சிஸ்கோ 2960 சுவிட்ச் இரண்டையும் 1841 ரவுட்டர் ஒன்றையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். தேர்வுக் கட்டணமே 300 டாலர், அதையே வீட்டில் கேட்டுத்தான் வாங்கினேன். இதற்கு மேலும் செலவு செய்ய வேண்டுமா?

ரேக்_முருகேசன்
வாங்கிவிடு தங்கச்சி. நான் 11 வருடமாக டேட்டா சென்டர் வேலையில் இருக்கிறேன். முதல் வேலையில் ஒரு கிளை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்வேன், ஆனால் பெட்டியை லேப்டாப்போடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளைக் கையில் தொட்டதே இல்லை. செருகினால் திரை முழுக்கப் புரியாத எழுத்து. வேகத்தை 9600 என்று வைக்க வேண்டும் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. அதுவரை கிளை மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். உனக்கு அந்த அரை மணி நேரம் வரக் கூடாது.

சுபா_மாலைவகுப்பு
நான் ஆறு வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். நிலா, வாங்காதீர்கள்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஐபி கனெக்டிவிட்டி, அதாவது ரவுட்டிங், மட்டும் 25 சதவீதம். ஒற்றை 1841 யாரோடு ஓஎஸ்பிஎஃப் நெய்பர் ஆகும்? 2960 லேயர் 2 சுவிட்ச், லேன் பேஸ் ஐஓஎஸ் (சிஸ்கோ பெட்டிகளின் இயங்குதளம்) இருந்தாலும் கையால் எழுதும் ஸ்டேட்டிக் ரூட்டோடு நின்றுவிடும். வயர்லெஸ் கன்ட்ரோலர் பாடத்திட்டத்தில் இருக்கிறது, அந்தப் பெட்டிகளில் இல்லை. ஆட்டோமேஷன் 10 சதவீதம். அதில் வரும் ஜேசான் (தரவை எழுதும் வடிவம்), ரெஸ்ட் ஏபிஐ (நிரல் வழியாகப் பெட்டியோடு பேசும் முறை) எதுவும் அந்தக் காலத்துப் பெட்டிகளுக்குத் தெரியாது.

பேக்கெட் ட்ரேசர் இலவசம், நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் போதும். நான்கு ரவுட்டர், ஆறு சுவிட்ச், ஒரு கன்ட்ரோலர் என்று போட்டாலும் 8 ஜிபியில் சிரமமில்லாமல் ஓடும். என்னிடம் படித்த ஒரு பையன் இப்படித்தான் பழைய சுவிட்ச் வாங்கினான். அதில் யாரோ போட்ட பாஸ்வேர்ட் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது.

ரேக்_முருகேசன்
மேடம், அந்த இரண்டு ஞாயிறும் வீணாகவில்லை. பாஸ்வேர்டைத் தாண்ட சுவிட்சின் மோட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுப்பது, பழைய கான்ஃபிக் (அமைப்பு) கோப்பின் பெயரை மாற்றிவிட்டு பூட் செய்வது, இதெல்லாம் வேலையில் சேர்ந்த முதல் மாதமே வரும்.

இன்னொன்று. பழைய சுவிட்சில் அமைப்பை அழிக்கும் ரைட் இரேஸ் கமாண்ட் கொடுத்தாலும் விலேன்கள் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகள்) போகாது, அவை ஃபிளாஷில் விலேன்.டேட் என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன. அதை அழிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் செருகி, விலேன் பட்டியலை சுவிட்சுகளுக்குள் பரப்பும் விடிபி முறையின் டொமைன் பெயர் ஒன்றாகவும் ரிவிஷன் எண் கூடுதலாகவும் அமைந்துவிட்டால், மற்ற சுவிட்சுகளின் விலேன் பட்டியலே மாறிவிடும். ஒரு தொழிற்சாலையில் என் கண்ணெதிரே இது நடந்தது. ஒரு ஷிஃப்ட் முழுக்க வேலை நின்றது.

சுபா_மாலைவகுப்பு
நல்ல பாடம்தான், ஆனால் அதற்குப் பெட்டி எதற்கு? பேக்கெட் ட்ரேசரில் விடிபி இருக்கிறது, விலேன்.டேட் கோப்பும் இருக்கிறது. என் மாணவர்கள் வேண்டுமென்றே இந்த விபத்தை அதில் நடத்திப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் விடிபி இப்போதைய பாடத்திட்டப் பட்டியலில் இல்லை. நான்கு மாதம்தான் கையில் இருக்கிறது. சப்நெட்டிங்கில் (ஐபி முகவரிகளைப் பிரிக்கும் கணக்கில்) தடுமாறிக்கொண்டே கேபிள் தேடி அலைபவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரேக்_முருகேசன்
சரி, விடிபியை விட்டுவிடுகிறேன். டூப்ளெக்ஸ் மிஸ்மேட்ச் எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பியும் வாங்கியும் (ஃபுல்), மறுமுனை மாறி மாறியும் (ஹாஃப்) இயங்குவது. அது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 100 எம்பி போர்ட் ஒன்றில் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தை ஆட்டோவில் விடுங்கள். ஆட்டோ பக்கம் வேகத்தைக் கண்டுபிடித்துவிடும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். லிங்க் பச்சை, பிங் போகிறது, எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். பெரிய கோப்பு ஒன்றை காப்பி செய்தால்தான் இழுக்கும். அந்த நேரத்தில் ஷோ இன்டர்ஃபேசஸ் கமாண்ட் கொடுத்தால் ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்), ஃபுல் பக்கம் சிஆர்சி எரர் (சிதைந்து வந்த தரவு), இரண்டும் கண்ணெதிரே ஏறிக்கொண்டே இருக்கும். பேக்கெட் ட்ரேசரில் அந்த எண்கள் இப்படி ஏறி நான் பார்த்ததில்லை. பயனர் கூப்பிட்டு ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொல்லும்போது, ஒரு முறை நேரில் பார்த்தவனுக்குத்தான் இது சட்டென்று நினைவுக்கு வரும்.

ஈவ்_இரவுப்பணி
இரண்டு பேரும் நடுவில் இருப்பதை விட்டுவிட்டீர்கள். ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி என்ற மென்பொருள்கள் இரண்டிலும் உண்மையான ஐஓஎஸ் ஓடும். சிஸ்கோவின் இதே போன்ற மென்பொருளான சிஎம்எல்லில் ஐந்து நோட் (பெட்டி) வரை இலவசம்.

சுபா_மாலைவகுப்பு
ஜிஎன்எஸ்3-க்கு ஐஓஎஸ் இமேஜை உரிமத்தோடு நாமேதான் கொண்டுவர வேண்டும், இணையத்தில் சுற்றுவதை இறக்கச் சொல்லி ஒரு மாணவிக்கு என்னால் அறிவுரை தர முடியாது. சிஎம்எல் நல்லதுதான், ஆனால் விண்டோஸும் ஓடும் 8 ஜிபி லேப்டாப் அதற்குப் போதாது. முருகேசன் சார் சொன்ன டூப்ளெக்ஸ் விஷயம் மட்டும் சரி, அதை என்னால் வகுப்பில் காட்ட முடிந்ததில்லை.

நிலா_தென்னூர்
முருகேசன் அண்ணா, அப்பா கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று கேட்கிறார்.

ரேக்_முருகேசன்
மூன்று பெட்டியும் சேர்ந்து 100 வாட் என்றே வைத்துக்கொள். தினம் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். சத்தத்தைத்தான் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வை. சின்ன ஃபேன்தான், ஆனாலும் படுக்கும் அறையில் வைக்க முடியாது.

நிலா_தென்னூர்
மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு 2960-ம் யுஎஸ்பி கன்சோல் கேபிளும் மட்டும் வாங்கினேன். ரவுட்டர் வேண்டாம் என்று சுபா அக்கா சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. ஓஎஸ்பிஎஃப், வயர்லெஸ் எல்லாம் பேக்கெட் ட்ரேசரில் ஓடுகிறது.

பாஸ்வேர்டை நானே எடுத்துவிட்டேன். நேற்று, நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக சுவிட்சுக்குள் போக எஸ்எஸ்ஹெச் அமைத்தேன். பேக்கெட் ட்ரேசரில் இதே கமாண்டுகளுக்கு உடனே உள்ளே போனது. இங்கே லேப்டாப்பே மறுக்கிறது, கீ எக்ஸ்சேஞ்ச் முறை பொருந்தவில்லை என்று வருகிறது. சுவிட்சில் ஐஓஎஸ் 12.2.

ரேக்_முருகேசன்
தப்பு உன்னுடையது இல்லை. அந்த ஐஓஎஸ்ஸுக்கு டிஃபி-ஹெல்மன் குரூப் 1 என்ற பழைய கீ எக்ஸ்சேஞ்ச் முறை மட்டும்தான் தெரியும். லேப்டாப் பக்கம் எஸ்எஸ்ஹெச் ஓட்டும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருள் 2015-ல் வந்த 7.0 பதிப்பிலேயே அதை இயல்பாக அனுமதிப்பதை நிறுத்திவிட்டது. லேப்டாப்பின் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் அந்த சுவிட்சின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடு, எல்லாவற்றுக்கும் திறந்துவிடாதே. அடுத்து ஹோஸ்ட் கீ (சுவிட்சின் அடையாளச் சாவி) பற்றியும் ஒரு மறுப்பு வரும். அதற்கும் அதே இடத்தில்தான் வழி.

சுபா_மாலைவகுப்பு
இது தேர்வில் வராது நிலா, ஒரு மாலைக்கு மேல் இதில் செலவிடாதீர்கள். அப்புறம், அந்த எரர் வரியை அப்படியே எனக்கு அனுப்புங்கள். திங்கள்கிழமை எஸ்எஸ்ஹெச் வகுப்பு இருக்கிறது, பலகையில் எழுதிப் போடுகிறேன்.