குழப்படிக்காரனுக்குப் பகிடிப் படப்புத்தகம்: பலன் இருக்கிறதா?

கொக்குவில்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஐந்து வயதில் ஒரு மகன், மூன்று வயதில் ஒரு மகள். மகன் அடுத்த வருடம் தரம் 1க்குப் போகிறான். கெட்டிக்காரன்தான், வாயும் அதற்கேற்ற மாதிரி. வீட்டுக்கு யாராவது வந்தால் "வாங்கோ" என்று ஒரு சொல் வராது, நேரே அவர்கள் கையில் இருக்கிற பையைத்தான் பார்ப்பான், பிறகு "உதுக்குள்ள என்ன, கண்டோஸோ?" என்று கேட்பான். போன கிழமை இவருடைய பெரியம்மா வந்தபோது பைக்குள் தலையையே விட்டுவிட்டான். உள்ளே இருந்தது அவவுடைய பிரஷர் குளிசை. மாமி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என்னைப் பார்த்த பார்வை போதும்.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் ஒரு பெட்டி நிறைய ஆங்கிலப் படப்புத்தகம் அனுப்பியிருக்கிறா. முக்கால்வாசி, நல்ல பழக்கம் சொல்லித் தருகிற பகிடிப் புத்தகங்கள். ஒன்றில் பன்றி மேசையில் இருந்து ஏப்பம் விடுகிறது, ஒன்றில் கரடி எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னுக்கு ஓடுகிறது, அப்படி. நான் தமிழில் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறேன், விழுந்து விழுந்து சிரிக்கிறான். பிரச்சினை என்னவென்றால், அடுத்த நாள் காலையில் புட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு அந்தப் பன்றி மாதிரியே ஏப்பம் விடுகிறான், போதாததற்குத் தங்கச்சிக்கும் பழக்குகிறான். "இல்லாத பழக்கத்தைக் கனடாவில இருந்து இறக்கியிருக்கிறம்" என்று இவர் நக்கல் அடிக்கிறார்.

இப்படியான புத்தகங்கள் உண்மையில் உதவுமா, இல்லை குழப்படிக்கு ஐடியாதான் கொடுக்கின்றனவா? வாசித்துக் காட்டுவதில் ஏதும் முறை இருக்கிறதா? எங்கள் வீடுகளுக்குப் பொருந்துகிற மாதிரித் தமிழில் யாழ்ப்பாணத்தில் எங்கே தேடலாம்?


ஓய்வுபெற்ற_ரீச்சர்:

பிள்ளை, அவன் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே ஏப்பம் விடுகிறான்? அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லை. இது நாலு பேருக்கு முன்னால் செய்யக்கூடாத காரியம் என்று விளங்கியபடியால்தான் செய்துவிட்டு அம்மாவைப் பார்க்கிறான். விளங்காமல் விடுகிற பிள்ளை யாரையும் பார்க்காது, விட்டுவிட்டுப் புட்டைச் சாப்பிடும். நீங்கள் சிரிக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். பார்க்க ஆள் இல்லாவிட்டால் கூத்து தானாக முடியும். இவரையும் கொஞ்சம் சிரிக்காமல் இருக்கச் சொல்லுங்கோ, அநேகமாக அங்கேதான் விஷயம் இருக்கும்.

நான் வடமராட்சியில் ஆரம்பப் பிரிவில் கனகாலம் படிப்பித்தவள். பகிடிக் கதை ஏன் பிள்ளைக்குள் இறங்குகிறது என்றால், பிழை விடுவது வேறு ஆள் என்பதால். பன்றிக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்று பிள்ளைக்கு ஒரு பெருமை வருகிறது பாருங்கள், "ஐயே, இதுகூடத் தெரியாதோ இவருக்கு" என்று, அந்தப் பெருமையில்தான் பழக்கம் ஒட்டுகிறது. சரியாக அந்த இடத்தில் அம்மாமார் "பாத்தியோ, உன்னை மாதிரியே இருக்கு" என்று ஒரு சொல் விடுவார்கள். முடிந்தது. அதற்குப் பிறகு அது கதை இல்லை, வழக்கு. பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு எப்படிச் சிரிக்கும்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குப் பைப்படியில் தண்ணீர் குடிக்க ஒரே தள்ளுமுள்ளு. வரிசை, வரிசை என்று கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். பிறகு கரும்பலகையில் ஒரு ஆனைக்குட்டியைக் கீறினேன். அது வரிசையில் நிற்காமல் தும்பிக்கையைப் பின்னால் இருந்தே நீட்டும், எல்லோருடைய தலைக்கும் மேலால் வந்து பைப்பைத் திறக்கும், தண்ணீர் முன்னுக்கு நிற்கிறவரின் சட்டைக்குள் போகும். ஒவ்வொரு நாளும் ஒரு படம்தான், அதற்கு மேல் இல்லை. "இப்ப ஆனைக்குட்டி என்ன செய்ய வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். நாற்பது வாயும் சேர்ந்து பதில் சொல்லும். நான் ஒரு புத்திமதியும் சொன்னதில்லை, சொன்னதெல்லாம் அவர்கள்தான். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்: எந்தப் பிள்ளையையும் யாரும் ஆனைக்குட்டி என்று கூப்பிடக்கூடாது. பட்டப்பெயர் ஆகிவிட்டால் மரியாதை படிப்பிக்க வந்த கதையே அவமரியாதை ஆகிவிடும்.


கோண்டாவில்_அப்பப்பா:

எல்லாம் சரி, நாங்கள் எந்தப் பன்றிப் புத்தகம் பார்த்து வளர்ந்தோம்? ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் பள்ளிக்கூடம் தொடங்கி, பிறகு பாலபாடமும் எழுதி அச்சிட்டுக் கொடுத்தார். அதில் பகிடி ஒன்றும் இல்லை, பிள்ளைகள் படித்தார்கள், வளர்ந்தார்கள். அதற்கும் எத்தனையோ நூற்றாண்டு முந்திய ஆசாரக்கோவையில் "கிடந்துண்ணார் நின்றுண்ணார்" என்று இருக்கிறது, கட்டிலில் இருந்து சாப்பிடக்கூடாது என்றுகூட அதே பாட்டில் வருகிறது. இன்றைக்கு என் பேரன் கட்டிலில் படுத்துக்கொண்டு நூடில்ஸ் சாப்பிடுகிறான், கையில் போன்.

பிள்ளை "வாங்கோ" சொல்லவில்லை என்கிறீர்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்களா? இப்போது பல வீடுகளில் ஆள் படலை திறந்து வந்து நிற்கும், வீட்டுக்காரர் ரீவியில் கண்ணை வைத்துக்கொண்டே தலையை ஆட்டுவார். அதைப் பார்க்கிற பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்ன செய்யும்? முதலில் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்லி, ஒரு தேத்தண்ணி கொடுத்துக் காட்டுங்கள்.


நூலகப்_பூச்சி:

அப்பப்பா, தேத்தண்ணி விஷயத்தில் மறுபேச்சில்லை. ஆனால் புத்திமதி மட்டும் போதும் என்றால் நான் இப்போது மகா உத்தமனாக இருக்க வேண்டும். "மீதூண் விரும்பேல்" என்று ஔவையாரின் வரியை வாய் நிறையப் பயித்தம்பணியாரத்தோடு பாடமாக்கின ஆள் நான். பாடம் வந்தது, பணியாரமும் உள்ளே போனது, இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இருக்கவில்லை.

பகிடி ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கும் இல்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) கத்தரித் தோட்டத்து வெருளியைக் கூலி வாங்காத சேவகன் என்று கூப்பிட்டுப் பாடியதைச் சிரிக்காமல் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருக்கிறதா? அது பழக்கவழக்கம் படிப்பிக்கிற பாட்டு இல்லைத்தான், ஆனால் சிரிக்க வைத்தால் பிள்ளை பாட்டை விடாது என்று புலவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மேற்கில் இந்த வகைக்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட்டில் ஹைன்ரிக் ஹொஃப்மன் என்று ஒரு டொக்டர். 1844ஆம் ஆண்டு நத்தாருக்குத் தன் மூன்று வயது மகனுக்குப் படப்புத்தகம் தேடிக் கடைக்குப் போனார். எல்லாம் நீட்டி முழக்கிய புத்திமதியாக இருந்தபடியால் வெறும் கொப்பி ஒன்றை வாங்கி வந்து தானே எழுதிப் படமும் கீறினார். அடுத்த வருடம் அது அச்சில் வந்து எங்கும் பரவியது. ஆனால் உள்ளே பார்த்தால் சிரிப்போடு பயமும் கலந்திருக்கிறது: விரல் சூப்புகிற பையனின் பெருவிரல்களைத் தையற்காரர் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார், சூப் வேண்டாம் என்று அடம் பிடிக்கிற பையன் ஐந்தாம் நாள் செத்தே போவான். என் மகளுக்குச் சொல்லிப் பார்த்தேன், இரவு என் கட்டிலுக்கு வந்துவிட்டாள்.

பயத்தை அறவே விட்டவர் அமெரிக்காவில் கெலட் பர்ஜஸ். 1900இல் வந்த அவருடைய புத்தகத்தில் 'கூப்' என்று உருண்டை மொட்டைத் தலையோடு சில உருவங்கள், நாகரிகமே தெரியாதவை. விரலை நக்கும், கத்தியை நக்கும், மேசைவிரிப்பில் சூப்பை ஊற்றும். நீ ஒரு கூப்பா என்று கேட்பதோடு சரி, அடி இல்லை, வெட்டு இல்லை. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் தளத்தில் சும்மா கிடைக்கிறது. ஆனால் அதைத் தமிழில் சொல்லும்போது என் மகள் கேட்டாள், "கத்தியை ஏன் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வந்தவை?" நியாயமான கேள்வி. கையால் பிசைந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு விரல் நக்குவது அப்படி ஒரு குற்றமாகவும் படவில்லை. எங்கள் குற்றப் பட்டியல் வேறு: இடக்கையால் வாங்குவது, சோறு உள்ளங்கை மட்டும் ஏற அளைவது, படுத்திருப்பவரைக் கடந்து போவது, புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் போவது, வெளிக்கிடுகிற ஆளிடம் "எங்க போறியள்?" என்று கேட்பது. இதெல்லாம் கனடாப் பெட்டிக்குள் வராது, வரவும் நியாயமில்லை.


கொப்பிக்கதை:

நூலகப்பூச்சி சொன்ன அந்த டொக்டரைப் போலத்தான் நானும் செய்கிறேன், யாரென்று இன்றைக்குத்தான் தெரியும். சித்திரக் கொப்பி ஒன்று, கலர் பென்சில், ஓரத்துக்கு செலோடேப். படம் வடிவாக வரவேண்டும் என்று இல்லை, என் ஆட்டைப் பலர் நாய் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஒரு கொப்பிக்கு ஒரு பழக்கம்தான். இரண்டாவதைச் சேர்த்தால் பிள்ளை புத்திமதியை மணந்து பிடித்துவிடும். உங்கள் மகனுக்கு என்றால் நான் இப்படிக் கீறுவேன். ஒரு கிடாய்க்குட்டி. வீட்டுக்கு ஆச்சி வருகிறா, பையைத் திண்ணையில் வைக்கிறா. கிடாய் உள்ளே என்ன என்று பார்க்கத் தலையை விடுகிறது, கொம்பு மாட்டிக்கொண்டது, தலை வெளியே வராது. இனி ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கிறார்கள். மாமா வருகிறார், கிடாய் பையோடு திரும்பி "வாங்கோ மாமா" என்கிறது, சொன்னது துலாவுக்கு. மாமி வருகிறா, "வாங்கோ மாமி, இருங்கோ" என்று சைக்கிளுக்குக் கதிரை இழுத்துப் போடுகிறது. கடைசியில் மாட்டுக்கு தேத்தண்ணி. இந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் "அங்க இல்லை, இஞ்சால!" என்று கத்தும், கத்திக்கொண்டு தானே "வாங்கோ" சொல்லிக் காட்டும். பிள்ளை கதை முழுக்க "வாங்கோ" சொல்லிக்கொண்டிருக்கிறது, யாரும் சொல்லச் சொல்லவில்லை.

இன்னொன்று, பகிடி எப்போதும் தாள் திருப்புகிற இடத்தில் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் கிடாய் கதிரையை இழுக்கிறது, யாருக்கு என்று தெரியாது. திருப்பினால் சைக்கிள். இரண்டையும் ஒரே பக்கத்தில் கீறினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, கூடிப்போனால் இரண்டு. கடைசிப் பக்கத்தில் பேச்சுக் குமிழை வெறுமையாக விடுங்கள், பிள்ளை சொல்வதை அப்படியே எழுதுங்கள். பிறகு அது அவனுடைய புத்தகம்.


சுண்டுக்குளி_வாசகி:

எங்கே தேடலாம் என்பதற்கு மட்டும் பதில். யாழ் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, பிள்ளையையே கூட்டிக்கொண்டு போங்கள், தானே எடுக்கட்டும். பூபாலசிங்கம் புத்தகக் கடையில் இந்தியப் பதிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். சென்னை தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப்புத்தகம் போடுகிறது, உங்கள் மச்சாளின் பிள்ளைகளுக்கும் உதவும். காசில்லாமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, இறக்கி அச்சடிக்கலாம், சொற்களை எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றவும் அனுமதி உண்டு. தட்டு என்று இருந்தால் கோப்பை என்று வாசியுங்கள், தம்ளர் என்றால் பேணி. நேரே பழக்கவழக்கம் படிப்பிக்கிற கதை என்று தேடாதீர்கள், அந்த வகை பெரும்பாலும் அறுவை. நல்ல பகிடிக் கதையாக எடுங்கள், மரியாதை அதற்குள் எங்கேயாவது இருக்கும்.


கோண்டாவில்_அப்பப்பா:

கிடாய் கதையைப் பேரனுக்குச் சொன்னேன். கட்டிலை விட்டு இறங்கி வந்து கேட்டான். நூடில்ஸ் கோப்பையும் கூடவே வந்தது. தம்பி, அந்தக் கொப்பியின் படம் இருந்தால் போடும்.


கொக்குவில்_அம்மா:

எல்லோருக்கும் மெத்தப் பெரிய உபகாரம். சனிக்கிழமை கொப்பி வாங்குகிறேன். ரீச்சர், ஒன்று விட்டுப்போச்சு: சின்னவளுக்கு மூன்று வயதுதானே, அவளுக்கும் இதே கதையை வாசிக்கலாமா? அண்ணா செய்வதையெல்லாம் அப்படியே செய்கிறாள்.


ஓய்வுபெற்ற_ரீச்சர்:

வாசிக்கலாம், ஆனால் அவளிடம் இதே பலனை எதிர்பார்க்க வேண்டாம். மூன்று வயதில் பிள்ளைகள் அநேகம் பேருக்கு "இது பிழை, அதனால் பகிடி" என்பது பிடிபடாது, கிடாய் பைக்குள் தலை விட்டால் தானும் விட வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். அவளுக்குச் சரியாகச் செய்கிற படம் வையுங்கோ, கோழிக்குஞ்சு "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லிக்கொண்டு ஓடுகிற மாதிரி, சத்தத்தோடு. கதை சொல்லும்போது மூத்தவனைக் கிடாய்க்குத் திருத்தம் சொல்கிற ஆளாக வையுங்கோ, அவளைக் கோழிக்குஞ்சு ஆக்கிவிடுங்கோ. வாசித்து முடிந்த பிறகு வீட்டில் இருக்கிற பைகளை எல்லாம் கொஞ்ச நாளைக்கு உயரத்தில் கொழுவி வைப்பதும் நல்லது.