இலங்கைக்கு மழை சொல்வது கணிப்பா, குத்துமதிப்பா?

கானாடுகாத்தான் வளவு:
ஐப்பசியில் சொந்தபந்தம் 22 பேர் கொழும்பு, கண்டி, நுவரெலியா என்று கிளம்பினோம். இறங்கிய அன்றே வானிலை அறிவிப்பு: மத்திய மலைநாட்டில் சில இடங்களில் 100 மி.மீ.க்கு மேல் மழை, மண்சரிவு கவனம். வயசானவர்களை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு என்று மலைப்பயணத்தை விட்டுவிட்டு மூன்று நாளும் கொழும்பு செட்டியார் தெருவையே சுற்றினோம். நுவரெலியாவில் அறைக்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான். அங்கே தெரிந்தவருக்குப் போன் போட்டால், "நல்ல வெயில், துணி காயப்போட்டிருக்கோம்" என்கிறார். தமிழ்நாட்டில் பாதி அளவுகூட முழுசாக இருக்குமா அந்தத் தீவு? அதற்கு மழை சொல்ல இத்தனை சாட்டிலைட், இத்தனை கம்ப்யூட்டர். எங்கள் அப்பத்தா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வடகம் பிழியலாமா வேண்டாமா என்று சொல்வார், அது தப்பாது.

ஊருணிக்கரை:
பாதிதான் அண்ணே, 65,610 சதுர கிலோமீட்டர். ஆனால் சின்னது என்பதால்தான் கஷ்டமே. நடுவில் 2,524 மீட்டர் உயரத்துக்குப் பிதுருதலாகலை நிற்கிறது. மலையின் மேற்குச் சரிவில் சில இடங்களில் வருஷத்துக்கு 5,000 மி.மீ.க்கு மேல் கொட்டும், மன்னார் பக்கம் போனால் 1,000 மி.மீ. பெய்தாலே பெரிய மழை. வைகாசி, ஆனியில் மேற்கே இரத்தினபுரி வெள்ளத்தில் கிடக்கும்போது மலை தாண்டி மட்டக்களப்பில் கச்சான் காற்று வறட்டு வறட்டென்று அடிக்கும். இரண்டும் ஒரே நாளில், ஒரே காற்றால் நடப்பது.

நீங்கள் போன ஐப்பசி, இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட நேரம். காலையில் வெயில், மத்தியானம் இரண்டு பக்கமிருந்தும் கடல்காற்று உள்ளே வந்து மலையில் முட்டும், மூன்று மணிக்கு இடி. அந்த மேகம் நாலைந்து கிலோமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். கம்ப்யூட்டர் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும்; ஐரோப்பிய வானிலை மையத்தின் மாடலில் ஒரு கட்டமே ஏறக்குறைய 9 கிலோமீட்டர். கட்டத்தைவிடச் சின்னதாக இருக்கும் மேகத்தை எந்த ஊர் மேல் வரும் என்று எப்படிச் சொல்வது?

கானாடுகாத்தான் வளவு:
சொல்ல முடியாது என்றால் 100 மி.மீ. என்று எதற்கு எண் போடுகிறார்கள்? அதுதான் என் கேள்வி. தெரியாததற்கு எண் கொடுக்காதே.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, "சில இடங்களில்" என்று போட்டிருந்ததை நீங்களே எழுதிவிட்டு நுவரெலியாவில் வெயில் என்று சண்டைக்கு வந்தால் எப்படி. அந்தச் "சில இடம்" பதுளையாக இருந்திருக்கலாம்.

செம்மண்:
ஆச்சி சொல்வது சரி, ஆனால் நான் வளவு அண்ணன் பக்கம். 2020 புரெவி புயல் ஞாபகம் இருக்கா? டிசம்பர் 2 ராத்திரி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அங்கிருந்து மன்னார் வளைகுடா வந்து பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே கடக்கும் என்றார்கள். தெற்கே எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தோம். அது இராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு நாளுக்கு மேல் அசையாமல் நின்று அங்கேயே கரைந்துபோனது. மழை எங்கே? கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34. நாற்று போட்டுவிட்டுக் கண்மாய் நிரம்பும் என்று உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

ஊருணிக்கரை:
செம்மண், நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. புயல் திருகோணமலைப் பக்கம் ஏறும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், ஏறியது. அதற்குமேல் அதை இழுத்துப்போக வேண்டிய மேல்காற்று வலுவிழந்துவிட்டது. இழுக்க ஆள் இல்லாத தேர் மாதிரி நிலையில் நின்றுவிட்டது. அது தவறிய கணிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் 1964 டிசம்பரில் இதே மாதிரி இலங்கையைக் கடந்து வந்த புயல்தானே தனுஷ்கோடியை ரயிலோடு கொண்டுபோனது? அப்போது இன்சாட் சாட்டிலைட் கிடையாது. விடுமுறை விட்டும் மழை வராமல் போனதற்கு வருத்தப்படுகிற நிலைக்கு வந்திருக்கிறோம், அது சின்ன விஷயமா?

எண்ணுக்கு வருகிறேன். அது சுற்றுலாக்காரர்களுக்காகப் போட்ட எண் இல்லை. மண்சரிவுக்கு அங்கே கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் கவனம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வீட்டைவிட்டு வெளியேறு. 2016 மே மாதம் அரநாயக்கவில் ஒரு மலைச்சரிவே ஊர் மேல் இறங்கியது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குடியிருக்கும் தொழிலாளிக்கு "மழை வரலாம், வராமலும் போகலாம்" என்று சொன்னால் அவன் எதை நம்பிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்?

கானாடுகாத்தான் வளவு:
சரி, லயத்துக்காரருக்கு எண் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்கும் அது எந்தச் சரிவு என்று தெரியவில்லையே. பத்துத் தடவை ஓடி எட்டுத் தடவை ஒன்றும் இல்லையென்றால் பதினோராவது தடவை ஓடமாட்டார். என் முன்பணம் போகட்டும், இது அதைவிட மோசம் இல்லையா?

பள்ளத்தூர் ஆச்சி:
இது நியாயமான கேள்வி.

எங்கள் ஐயா கண்டியில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த கடை. அவர் ஊருக்கு எழுதும் கடிதத்தில் நலம் விசாரிப்புக்கு அடுத்த வரியே அந்த வாரத்து மழைதான், அங்குலக் கணக்கில். தோட்டத்துக்குத் தோட்டம் மழைமானி வைத்துத் தினம் காலையில் நோட்டில் எழுதுவார்களாம். கொழுந்து எவ்வளவு வரும், கடன் திரும்புமா என்பதெல்லாம் அதில்தான் தெரியுமாம். என்னைக் கேட்டால் பெரிய மாடலைவிட அப்படி ஊருக்கு ஒன்று இருப்பது மேல்.

செம்மண்:
ஆச்சி, மழைமானி பெய்த மழையைத்தான் சொல்லும், பெய்யப்போவதைச் சொல்லாதே. அதுவும் காலை 8.30 வரைக்கும் உள்ள கணக்கு. ராத்திரி கொட்டியது மறுநாள் தேதியில் ஏறும், அதை வைத்து இங்கே பாதிப்பேர் "நேத்து பெய்ததை இன்னைக்குப் போட்டிருக்கான்" என்று திட்டுவது தனிக்கதை.

ஊருணிக்கரை:
அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு எந்தச் சரிவு என்று காட்ட வேண்டுமென்றால், அலை அனுப்பி மழைமேகம் எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கும் டாப்ளர் ராடார்தான் வழி. நமக்குக் காரைக்காலில் ஒன்று நிற்கிறது. அவர்களுக்குப் புத்தளத்திலும் பொத்துவிலிலும் அமைக்க 2017-ல் ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டார்கள், பிறகு அது இழுத்துக்கொண்டே போனது. ராடாரும் மலைக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்காது, அங்கே ஆச்சி சொல்லும் மழைமானிதான் கண். தானியங்கி மானி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அனுப்பினால், மேல்சரிவில் 75 தாண்டியதும் கீழே உள்ளவனை எழுப்பலாம். வளவு அண்ணன் கேட்ட பதினோராவது தடவைக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஓடவேண்டிய தடவைகளைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

கானாடுகாத்தான் வளவு:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். அப்பத்தா வடகம் விஷயத்தில் மட்டும் நான் பின்வாங்க மாட்டேன். தையில் மறுபடி போகலாம் என்கிறார்கள், போகலாமா?

ஊருணிக்கரை:
தை கடைசியில் போங்கள். அப்போது வாடைக்காற்று மழை கிழக்குப் பக்கம், கண்டிக்கு மேற்கே பெரும்பாலும் காய்ந்திருக்கும். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், முன்பணம் கொடுக்காதீர்கள்.